இயன்முறை மருத்துவம் முடித்தவர்கள் விளையாட்டு மசாஜ் கற்பதால் என்ன பயன், அதன் பிறகு என்ன வேலை?

பி.பி.டி. எனப்படும் இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டப் படிப்பையும் அதற்குரிய மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தையும் அண்மையில் முடித்த ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: தனியார் நிறுவனங்கள் நடத்தும் விளையாட்டு மசாஜ் சான்றிதழ்ப் படிப்பில் பணம் கட்டிச் சேரலாமா, சேர்ந்தால் கிரிக்கெட் அல்லது கபடி அணியில் வேலை கிடைக்குமா, கிடைக்காது என்றால் விளையாட்டுத் துறைக்குள் நுழைய வேறு வழி என்ன? மூன்றுக்கும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்வதானால், மசாஜை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சான்றிதழை நம்பி வேலையை எதிர்பார்க்காதீர்கள். ஓர் அணி பிசியோவுக்கு, அதாவது இயன்முறை மருத்துவருக்கு, சம்பளம் கொடுப்பது, இந்தத் தசையில் இன்றைக்குக் கை வைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் அறிவுக்காகத்தான். வெறும் கைவேலைக்கு ஆள் வேண்டுமானால் அதற்கென்று தனியே மசாஜ் செய்பவரை அவர்களே நியமித்துக்கொள்வார்கள்.

முதலில், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். உடற்பயிற்சி சிகிச்சைப் பாடத்தின் ஒரு பகுதியாக நீவுதல், பிசைதல், தசையைத் தூக்கிப் பிடித்தல், முறுக்குதல், தோலை உருட்டுதல், குறுக்கே தேய்த்தல், தட்டுதல், அதிரச் செய்தல் ஆகிய அனைத்தையும் வகுப்புத் தோழர்களின் முதுகிலும் காலிலும் செய்து காட்டித் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அதன் பிறகு மருத்துவமனையில் ஐ.எஃப்.டி. எனும் மின்னோட்டச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் என்று இயந்திரங்களுக்குப் பின்னால் போனதில் கை பழக்கம் விட்டுப் போயிருக்கும். இயன்முறை மருத்துவம் ஒரு தொழிலாக உருவானதே மசாஜிலிருந்துதான். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம், 1894ஆம் ஆண்டில் நான்கு செவிலியர்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்காகத் தொடங்கிய அமைப்பின் வளர்ச்சி. மசாஜ் என்ற பெயரில் நடந்த தகாத வேலைகளிலிருந்து தங்கள் தொழிலின் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்வது அவர்களுடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. வீட்டில் யாராவது “பிசியோ படித்துவிட்டு மசாஜ் செய்யப் போகிறாயா” என்று முகம் சுளித்தால், அந்தச் சங்கடத்தின் வயது நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் என்று தெரிந்துகொண்டு வேலையைப் பாருங்கள்.

விளையாட்டு மசாஜ் என்பது இந்தக் கைமுறைகளுக்கு மேல் வேறொரு புதிய கலை அன்று. எப்போது, எவ்வளவு அழுத்தத்தில், எந்த நோக்கத்துக்காக, எந்த விளையாட்டை ஆடுபவருக்கு என்ற நான்கையும் அறிந்து செய்வதே அதன் சாரம். ஆட்டத்துக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் விரைவாகவும் மேலோட்டமாகவும் செய்வது உடலை எழுப்பிவிடுவதற்காக. வீரர் எழுந்து போய் உடனே வார்ம்-அப் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும், மேசையிலேயே தூங்கிவிடக் கூடாது. ஆட்டம் முடிந்த பின் செய்வது மெதுவாக, வலிக்காமல். பயிற்சிக் காலத்தில், போட்டி இல்லாத நாட்களில் மட்டுமே ஆழமான அழுத்தத்துக்கு இடம் உண்டு. நாளைக்கு இறுதிப் போட்டி என்ற நிலையில் இன்று மாலை தொடைத் தசையை முழங்கையால் அழுத்திப் பிழிந்துவிட்டால், மறுநாள் காலை அந்தத் தசை வலியோடும் சோர்வோடும் களமிறங்கும். வீரர் வற்புறுத்திக் கேட்டாலும் மறுக்கத் தெரிய வேண்டும்.

மசாஜ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் தெளிவு இல்லாமல் இந்தத் துறைக்குள் வருவது ஆபத்து. 2020ஆம் ஆண்டில் 29 ஆய்வுகளை, அதாவது ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பங்கேற்பாளர்களின் தரவுகளை, ஒன்றுதிரட்டிப் பார்த்த ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. மசாஜால் வலிமையோ, குதிக்கும் உயரமோ, ஓட்ட வேகமோ, தாங்குதிறனோ கூடுவதற்குச் சான்று இல்லை என்றும், நெகிழ்வுத்தன்மையிலும் பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலியிலும் சிறிய அளவில் பலன் இருப்பதாகவும் அது முடிவு செய்தது. “லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும்” என்று மசாஜ் நிலையங்களின் சுவர்களில் எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். முன்கைத் தசைகளை வைத்து 2010இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், கடும் பயிற்சிக்குப் பின் உடனே செய்த மசாஜ் இரத்த ஓட்டத்தைத் தடுத்து அந்த அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியதே தவிர விரைவுபடுத்தவில்லை. எப்படியும் லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாள் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் எதற்காகக் கற்க வேண்டும் என்று கேட்பீர்கள். வீரர்களுக்கு அது பிடிக்கிறது, வலி குறைந்ததாக உணர்கிறார்கள், நன்றாக உறங்குகிறார்கள். இவை சிறிய பலன்கள் அல்ல. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மசாஜ் மேசையில்தான் வீரர் வாய் திறப்பார். அணிப் பயிற்சியாளர் முன்னிலையில் “ஒன்றுமில்லை சார், நன்றாக இருக்கிறேன்” என்று சொன்ன வேகப்பந்து வீச்சாளர், குப்புறப் படுத்து இருபது நிமிடம் ஆன பிறகு, கீழ் முதுகில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு வாரமாகப் பந்து வீசும்போது குத்துகிறது என்று சொல்வார். பத்தொன்பது வயது வேகப்பந்து வீச்சாளரின் ஒருபக்க முதுகுவலி என்றால், முள்ளெலும்பில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் பளுவால் வரும் விரிசல்) இருக்கக்கூடும் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். அந்த இடத்தில் நீவுவதை நிறுத்தி, பின்னோக்கி வளைத்துப் பரிசோதித்து, மருத்துவரிடம் அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுக்கச் செய்வதற்குத்தான் நீங்கள் நான்கரை ஆண்டுகள் படித்தீர்கள்.

கபடியிலிருந்து ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்களில் மசாஜால் அதிகம் கெடுவது இந்தக் காயம்தான். பாடிச் செல்லும் வீரரின் தொடையின் முன்பகுதியில் தடுப்பவரின் முழங்கால் பலமாக மோதுகிறது. தசை நசுங்கி உள்ளே இரத்தம் கட்டுகிறது. இரவு ஆட்டம் முடிந்ததும் யாராவது அனுபவசாலி ஒருவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் போட்டு, கட்டைவிரலால் அழுத்தி நீவிவிடுவார். அந்த நேரத்துக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடும் அழுத்தமும் இரத்தக் கசிவை அதிகமாக்கும். சிலருக்குச் சில வாரங்கள் கழித்து அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு படியத் தொடங்கும்; முழங்காலை மடக்க முடியாமல், தொட்டால் கெட்டியான கட்டி போல உணரும் நிலை அது. மாதக்கணக்கில் விளையாட முடியாமல் போகும். சரியான முறை வேறு: அடிபட்ட உடனே முழங்காலை வலி தாங்கும் அளவுக்கு மடக்கிய நிலையில் வைத்து, பனிக்கட்டி வைத்து, மீள்கட்டுத் துணியால் அழுத்திக் கட்டி, முதல் நாள் முழுவதும் அந்த மடக்கத்தைக் காப்பாற்ற முயல வேண்டும். மசாஜுக்கு அங்கே வேலையே இல்லை. உங்களுக்கு முன்பிருந்தே அந்த அணியுடன் இருக்கும் பெரியவரைப் பகைத்துக்கொள்ளாமல் இதைச் சொல்லிப் புரியவைப்பது எந்தச் சான்றிதழ்ப் படிப்பிலும் கற்றுத்தராத திறமை. மற்றவற்றில் அவருடைய கைக்கு மரியாதை கொடுங்கள், அடிபட்ட தொடையை மட்டும் உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

இதே வகையில் நினைவில் நிறுத்த வேண்டியவை இன்னும் சில. நீண்ட பேருந்துப் பயணமோ விமானப் பயணமோ முடித்து வந்த வீரருக்கு ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் ஆழ்நாள இரத்தக்கட்டியை, அதாவது காலின் ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தம் உறைந்திருப்பதை, நினைக்க வேண்டும்; அதை அழுத்தித் தேய்ப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மாரத்தான் முடியும் இடத்தில் காலைப் பிடித்துவிடச் சொல்லி வருபவர் பேச்சில் குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ, அது தசைப்பிடிப்பு இல்லை. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத் தாக்காக இருக்கலாம். அங்கேயே தண்ணீரிலும் பனிக்கட்டியிலும் குளிர்விக்கத் தொடங்கிவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். சாதாரணத் தசைப்பிடிப்புக்கும்கூட முதல் மருந்து அந்தத் தசையை மெதுவாக இழுத்துப் பிடிப்பது. தேய்ப்பது அதற்குப் பிறகுதான்.

இனிப் படிப்புக்கு வருகிறேன். விளம்பரத்தில் “சர்வதேச அங்கீகாரம்” என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் விளையாட்டு மசாஜுக்கு மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலை என்று படிப்படியான தகுதிகள் உண்டு. ஆனால் அங்கேயே பிசியோதெரபிஸ்ட் என்ற பட்டப்பெயருக்குத்தான் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. விளையாட்டு மசாஜ் செய்பவர் என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். இந்தியாவில் உங்கள் தொழிலுக்குச் சட்ட அடிப்படை தருவது 2021ஆம் ஆண்டின் மருத்துவம் சார்ந்த துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம். உங்கள் பட்டமும் அதன் வழியான பதிவும் எந்தக் குறுகிய காலச் சான்றிதழையும்விட மேலானவை. ஆகவே ஒரு படிப்பில் சேரும் முன், கற்பிப்பவர் தாமே அணிகளுடன் பணியாற்றியவரா, மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் உங்கள் கை இன்னொருவர் உடலில் இருக்கும், உண்மையான வீரர்களைக் கொண்டு மைதானத்தில் மேற்பார்வையுடன் பயிற்சி உண்டா, எப்போது செய்யக் கூடாது என்பதற்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இரண்டு நாள் வார இறுதி வகுப்பில் நாற்பது பேரை உட்கார வைத்து, உலோகக் கருவியால் தேய்ப்பது, கப்பிங் (தோலில் குவளை வைத்து உறிஞ்சுதல்), வண்ண டேப் ஒட்டுவது ஆகிய மூன்றையும் முடித்து மூன்று சான்றிதழ் தருகிறார்கள் என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நம் ஊர்த் தனியார் கிளினிக்குகள் பலவும் தரும் சம்பளத்துக்கு அந்தக் கட்டணம் சிறிய தொகை அன்று.

கைவேலையின் நுட்பங்களைப் பற்றிச் சில வார்த்தைகள், ஏனெனில் இவை புத்தகத்தில் இருந்தும் கண்ணில் படாதவை. மேசையின் உயரம், நீங்கள் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் முட்டி மடக்கிய விரல்கள் மேசையைத் தொடும் அளவில் இருக்கட்டும். ஆழமாக அழுத்த வேண்டுமானால் இன்னும் சற்றுத் தாழ்த்துங்கள். அழுத்தம் உங்கள் உடல் எடையிலிருந்து, நேராக்கிய கை வழியாக இறங்க வேண்டும். கட்டைவிரலின் வலிமையைக் கொண்டு அழுத்துபவர்களுக்கு அந்த விரலின் அடிமூட்டு சில ஆண்டுகளிலேயே வலிக்கத் தொடங்கும். முன்கையையும் முழங்கையையும் முட்டிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பழகிக்கொண்டால்தான் ஒரு நாளில் எட்டுப் பேரைப் பார்க்க முடியும். தேங்காய் எண்ணெய் எங்கும் கிடைக்கும், மலிவு. ஆனால் ஆட்டத்துக்கு முன் அதைப் பூசிவிட்டு அதே கணுக்காலில் டேப் ஒட்டப் பார்த்தால் இரண்டாவது நிமிடத்திலேயே உரிந்து வந்துவிடும். டேப் ஒட்ட வேண்டிய இடத்தை எண்ணெய் படாமல் விடுங்கள், பட்டுவிட்டால் ஸ்பிரிட் கொண்டு துடைத்துக் காயவிடுங்கள். கபடி வீரரின் கையில் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் நடுவரே வெளியே அனுப்பித் துடைத்துவரச் சொல்லக்கூடும்.

ஊக்கமருந்துத் தடை விதிகள் உங்களையும் கட்டுப்படுத்தும் என்பதைப் பல இளைஞர்கள் உணர்வதில்லை. விதிகளின்படி பிசியோ என்பவர் வீரருக்குத் துணைநிற்கும் பணியாளர். இந்தியாவில் 2022 முதல் இதற்கெனத் தனிச் சட்டமும் இருக்கிறது. டென்னிஸ் வீரர் யானிக் சின்னருக்கு 2024 மார்ச்சில் நடந்ததை ஒவ்வொரு பிசியோவும் அறிந்திருக்க வேண்டும். அவருடைய பிசியோவுக்குக் கைவிரலில் வெட்டுக்காயம். அதற்கு இத்தாலியில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு ஸ்பிரேயை அடித்துக்கொண்டார். அதில் குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்தது. கையுறை இல்லாமல் அதே கையால் சின்னருக்கு மசாஜ் செய்ததில் தோல் வழியே அது உள்ளே போய், இரண்டு சோதனைகளில் மிகச் சிறிய அளவில் கண்டறியப்பட்டது. விசாரணைக் குழு அவர்மேல் தவறில்லை என்று ஆகஸ்டில் கூறியது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மேல்முறையீடு செய்ய, 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடையை ஏற்றுக்கொண்டு அவர் அதை முடித்துக்கொண்டார். அந்தத் தடை வந்தபோது அவர் உலகின் முதல்நிலை வீரர். உங்கள் கையில் காயம் இருந்தால் கையுறை அணியுங்கள், உங்கள் பையில் இருக்கும் ஒவ்வொரு களிம்பின் உட்பொருளையும் படியுங்கள், பெயர் தெரியாத தைலத்தை வீரர் மேல் பூசாதீர்கள். அந்த முகமையே இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடங்களை முடித்துச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் மசாஜ் சான்றிதழைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

ஒப்புதலைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. எந்தப் பகுதியில் கை வைக்கப் போகிறோம், ஏன் என்பதை முதலில் சொல்லுங்கள். மற்ற இடங்களைத் துண்டால் மூடுங்கள். இடுப்பு, உள்தொடை போன்ற இடங்களுக்கு ஒவ்வொரு முறையும் மறுபடி கேளுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் கதவைத் திறந்து வைத்து, பெற்றோரோ அணிப் பொறுப்பாளரோ உடனிருக்க மட்டுமே செய்யுங்கள். விடுதிகளிலும் பள்ளி அணிகளிலும் இதைத் தளர்த்திக்கொள்பவர்கள் தங்கள் தொழிலையே பணயம் வைக்கிறார்கள். பெண்கள் அணிகள் பெண் பிசியோக்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. பயணம் செய்யத் தயங்காத பெண் பட்டதாரிகளுக்கு இன்று ஆண்களைவிட வாய்ப்பு கூடுதல் என்றே சொல்வேன்.

வேலை எங்கே என்ற கேள்விக்கு நேராக வருகிறேன். கிரிக்கெட் அணிகளில் பிசியோ வேறு, மசாஜ் செய்பவர் வேறு. இந்திய அணியுடன் நீண்ட காலம் மசாஜ் நிபுணராக இருந்து “மானே காகா” என்று வீரர்கள் உரிமையோடு அழைத்த ரமேஷ் மானேயைப் போன்றவர்கள் தனி மரபு. இந்திய விளையாட்டு ஆணையமும் ஒப்பந்த அடிப்படையில் இவ்விரு பணிகளையும் தனித்தனியாகவே அறிவிக்கிறது. பி.பி.டி. முடித்த நீங்கள் மசாஜ் பணியிடத்துக்கு விண்ணப்பித்து உள்ளே நுழைந்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. முதல் வாய்ப்பாக அதை ஏற்பதில் இழுக்கில்லை, ஆனால் அந்தப் பெயரோடு இரண்டு மூன்று பருவங்கள் கழிந்துவிட்டால் பிறகு உங்களைப் பிசியோவாகப் பார்க்க வைப்பது கடினம். சிறிய அணிகளில் நிலைமை நேர்மாறு: காயம் பார்ப்பதும், டேப் ஒட்டுவதும், மசாஜும், பனிக்கட்டி வாங்கி வருவதும் ஒரே ஆளின் வேலை. புதிதாக வருபவர் கற்றுக்கொள்ளச் சிறந்த இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை. 2016 முதல் நடக்கும் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் அணிகள், புரோ கபடியில் 2017 முதல் ஆடும் தமிழ் தலைவாஸ் ஆகியவை எல்லோர் கண்ணிலும் படுபவை. அங்கே இடங்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் தெரிந்தவர் பரிந்துரையால் நிரம்பிவிடும். அதற்குக் கீழே சென்னையின் கிரிக்கெட் லீக் அணிகள், மாவட்டக் கபடிக் கழகங்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான், எங்கும் முளைத்திருக்கும் பேட்மின்டன் அகாடமிகள் என்று ஒரு பெரிய அடுக்கு இருக்கிறது. மாரத்தான் முடிவிடக் கூடாரத்தில் தன்னார்வலராக நிற்பதற்குப் பணம் கிடைக்காது. ஆனால் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான கால்களைப் பார்ப்பீர்கள், பக்கத்து மேசையில் நிற்கும் மூத்த பிசியோ உங்கள் கையையும் பேச்சையும் கவனிப்பார். இந்தத் துறையில் முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. மாநிலத்துக்கு வெளியே போகத் தயார் என்றால் கர்நாடகத்தின் விஜயநகரில் உள்ள இன்ஸ்பயர் விளையாட்டு நிறுவனம், இந்திய விளையாட்டு ஆணையத்தின் தேசிய சிறப்பு மையங்கள் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்.

மேற்படிப்பைப் பொறுத்தவரை, விளையாட்டுத் துறையில் நிலைத்திருக்க விரும்பினால் இரண்டாண்டு எம்.பி.டி. எனும் முதுநிலைப் பட்டத்தில் விளையாட்டுப் பிரிவை எடுப்பது எந்த மசாஜ் படிப்பையும்விடப் பயனுள்ளது. ஆனால் பட்டம் முடித்த உடனே சேர்வதைவிட ஓரிரு ஆண்டுகள் மைதானத்தில் கழித்துவிட்டுச் சேருங்கள். அப்போதுதான் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரியும். ஃபிஃபா நடத்தும் கால்பந்து மருத்துவப் பட்டயப் பாடங்கள் இணையத்தில் இலவசம், தரமும் மிக நன்று. பன்னாட்டு ஒலிம்பிக் குழு விளையாட்டு இயன்முறைச் சிகிச்சைக்கென நடத்தும் இரண்டாண்டுப் பகுதிநேரப் பட்டயம் செலவு மிக்கது. அது அனுபவம் சேர்ந்த பிறகு யோசிக்க வேண்டியது. வெளிநாடு போக எண்ணுபவர்கள் அந்தந்த நாட்டின் பிசியோ பதிவுக்கு முதலில் முயல வேண்டும். பிரிட்டனில் எச்.சி.பி.சி. எனும் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு இல்லாமல் எத்தனை மசாஜ் சான்றிதழ் வைத்திருந்தாலும் பிசியோ வேலை பார்க்க முடியாது.

சொந்தமாகத் தொழில் செய்யும் வழியும் உண்டு. நகரங்களில் ஓட்டக் குழுக்களும் சைக்கிள் குழுக்களும் பெருகிவிட்டன. வார இறுதியில் நீண்ட தூரம் ஓடிவிட்டுத் திங்கட்கிழமை காலை அலுவலகம் போகும் நடுத்தர வயதினர்தான் உங்கள் நிலையான வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு வெறும் மசாஜ் மட்டும் விற்றால் அடுத்த தெரு ஸ்பாவோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் பரிசோதனை, அடுத்து கைவேலை, கடைசியில் அவரே வீட்டில் செய்ய வேண்டிய இரண்டு அல்லது மூன்று வலுவூட்டும் பயிற்சிகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கண்டதையெல்லாம் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். மூன்று முறை வந்தும் முன்னேற்றம் இல்லாத வலியை நான்காவது முறையும் நீவிக்கொண்டிருக்காமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் கடிதத்தோடு அனுப்புங்கள். அந்த மருத்துவர் அடுத்த மாதம் தம்முடைய நோயாளி ஒருவரை உங்களிடம் அனுப்பத் தொடங்குவார்.